அப்பா என்னிடம் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை

அப்பாவுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை, அண்ணன் எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி போட்டிருந்தார். அண்ணன் இருப்பது மலேசியாவிலேயே மழைக்குப் பேர்போன தைப்பிங்கில். அவர் பேச்சுக்குப் பின்னால் மழைச் சத்தம் கேட்டது. அந்த ஊரிலிருந்து வரும் எந்தச் செய்தியிலும் மழை இலவசமாகக் கூடவே வரும்.

"அப்பா நேத்து கனவுல வந்தாரு. நல்லா தெம்பா இருக்காரு. ஆட்டுக்கறி வறுவல் வேணும்னு கேட்டாரு லா. நாமதான் கோழியோட நிறுத்திட்டோம். மனசுல வச்சிருந்திருக்காரு."

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. இறந்துபோனவர் கனவில் வந்து எதையாவது கேட்டால், அதை இலையில் வைத்துப் படைத்தே ஆகவேண்டும். படைத்ததை வீட்டு ஆட்கள்தான் சாப்பிட வேண்டும், மிச்சம் வைக்கக்கூடாது. வருஷத் திதி வரும்போது, அதுவரை யார் யார் கனவில் என்னென்ன கேட்டாரோ எல்லாவற்றையும் சேர்த்து ஒரே இலையில் வைக்க வேண்டும். சுங்காய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருந்த காலத்திலிருந்தே இதுதான் சட்டம். ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை நட்டார்கள், நாங்கள் ஆளுக்கொரு டவுனுக்குப் பிரிந்தோம். ஆனால் இந்தச் சட்டத்தில் மட்டும் யாரும் கைவைக்கவில்லை.

அண்ணனுக்கு இனிப்பு நீர் வியாதி. அண்ணி மூன்று வருடமாக அவரை ஓட்ஸ் கஞ்சியிலும் அவித்த மீனிலும் கட்டிப்போட்டிருந்தார். ஆட்டுக்கறி என்று அந்த வீட்டில் வாயால் சொல்லக்கூட முடியாது. ஆனால் கேட்டது செத்துப்போன மாமனார் ஆயிற்றே. அண்ணி அன்று மாலையே வறுத்து வைத்துப் படைத்தார். அடுத்த மாதம் அப்பா டுரியான் கேட்டார். அதற்கடுத்த மாதம் நெய் நிறைய ஊற்றிய கேசரி கேட்டார்.

உயிரோடு இருந்தவரை அப்பா டுரியானைத் தொட்டதில்லை. பக்கத்து வீட்டில் பழம் பிளந்தால்கூட, அந்த வாடை தாங்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு கடைப்பக்கம் நடந்துவிடுவார். இதை நான் குழுவில் எழுதினேன். "அங்க போனப்புறம் பழகிட்டாரு போல," என்று அண்ணன் பதில் போட்டார்.

கோப்பெங்கில் இருக்கும் தங்கைக்கு வரும் கனவுகள் வேறு ரகம். அவற்றில் சாப்பாடு இருக்காது, உத்தரவுதான் இருக்கும். அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் வந்து நிற்பார். சமையலறைக் குழாய் ஒழுகுவதைச் சுட்டிக் காட்டுவார். கேட்டுக்கு இன்னும் பெயிண்ட் அடிக்கவில்லையா என்று கேட்பார். ஒருமுறை, தங்கை வீட்டுக்காரரைத் தூண்டில் வாங்குவதை நிறுத்தச் சொன்னார். பாவம், அந்த மனிதர் ஞாயிற்றுக்கிழமை மீன் பிடிக்கப் போவதை விட்டுவிட்டு, ஏணி போட்டு கேட்டுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்தார். உயிரோடு இருந்த மாமனாருக்கு அவர் அவ்வளவு பயந்ததில்லை.

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பார்கள். அவரவர் சட்டியில் இருந்தது அவரவர் அகப்பையில் வந்துகொண்டிருந்தது. கனவு மனசின் வேலை என்று படித்தவர்கள் சொல்வதை நான் படிக்காமலே என் அண்ணனிடமிருந்து தெரிந்துகொண்டேன். செய்தி வரும்போதெல்லாம் நான் வேலை பார்க்கும் சலவைக் கடையில் தனியாக உட்கார்ந்து சிரிப்பேன். துணி போட வருகிறவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

ஆனால் சிரிப்பு ரொம்ப நாள் ஓடவில்லை. ஏனென்றால் என் கனவில் அப்பா வரவே இல்லை. ஒரு தடவைகூட.

கடைசி ஆறு வருடங்கள் அப்பா என்னோடுதான் ஈப்போவில் இருந்தார். அம்மா அதற்கு வெகுநாள் முன்பே போய்விட்டார். குளிக்க வைத்தது நான், சோறு பிசைந்து கொடுத்தது நான், ஆஸ்பத்திரியில் நம்பர் எடுத்துக்கொண்டு காத்திருந்தது நான். தைப்பிங்குக்கு மழையில் நனைந்துகொண்டு போகத் தெரிந்த மனிதருக்கு, தான் ஆறு வருடம் இருந்த வீட்டுக்கு வழி தெரியாதா? எனக்குக் கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் என்ன இருந்தது என்றும் எனக்குத் தெரியும். அதைச் சொல்வதற்கு அப்பாவின் தூக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பாவுக்குத் தூக்கம் என்றாலே பயம். தோட்டத்தில் ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டிய காலத்தில், விடியுமுன் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். ஆட்களை வரிசையில் நிற்க வைத்துப் பேர் கூப்பிடுவதுதான் பெரட்டு. பேர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அன்றைக்கு வேலை இல்லை. கல்யாணமான புதிதில் ஒருநாள் அப்பா அசந்து தூங்கிவிட்டார். ஓடிப்போய் நின்றபோது அவர் பேரைத் தாண்டிவிட்டார்கள். எல்லாரும் தோளில் காண்டாக் கம்பும் பால் வாளியுமாக காட்டுக்குள் போக, அவர் மட்டும் லயத்து வீட்டுக்குத் திரும்பி நடந்தார். வழியில் கோழிகள்கூடத் தன்னைப் பார்த்துச் சிரித்ததாக எங்களிடம் சொல்வார். அதற்குப் பிறகு அவர் தூக்கத்தை நம்பவில்லை.

ஈப்போவுக்கு வந்ததும் ஒரு தொழிற்சாலையில் ஜாகா வேலை கிடைத்தது. இருபது வருடம் ராத்திரிக் காவல். அந்த வேலை அவருக்காகவே செய்தது போல இருந்தது. பகலில் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண் அயர்வார். நாங்கள் மூன்று பேரும் அவர் படுத்து ஒருநாளும் பார்த்ததில்லை. மெதுவாகப் பக்கத்தில் போய், "அப்பா, தூங்கிட்டீங்களா?" என்று கேட்டால் உடனே பதில் வரும். "தூங்கல. கண்ண மூடியிருந்தேன்."

வேலையை விட்ட பிறகும் டியூட்டி அவரை விடவில்லை. என் வீட்டில் ஒவ்வொரு இரவும் எழுந்து வந்து என் அறைக் கதவுக்கு வெளியே நிற்பார். "கேட்டு பூட்டியாச்சாம்மா?" நான் படுக்கையிலிருந்தே, "பூட்டியாச்சுப்பா," என்பேன். போவார். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி வருவார். இப்படி மூன்று தடவை, நான்கு தடவை. என் வீட்டுக்காரர் லோரி ஓட்டுகிறவர். வீட்டின் மேல் லோரி ஏறினாலும் எழுந்திருக்க மாட்டார். அதனால் பதில் சொல்லும் வேலை என்னுடையது.

ஒருநாள் என்னால் முடியவில்லை. மறுநாள் சீக்கிரம் கடை திறக்க வேண்டும், தலைவலி வேறு. நான்காவது தடவை கேட்டபோது கதவைத் திறந்துகொண்டு வந்து கத்திவிட்டேன். "பூட்டியாச்சுப்பா, பூட்டியாச்சு. உங்க டியூட்டி முடிஞ்சு பத்து வருசத்துக்கு மேல ஆச்சு. நீங்களும் தூங்க மாட்டீங்க, என்னையும் தூங்க விட மாட்டீங்க."

அப்பா கதவு நிலையிலிருந்து கையை எடுத்தார். "சரிம்மா," என்றார்.

அதற்குப் பிறகு அவர் என்னிடம் கேட்கவே இல்லை. நான்கு இரவுகள் அவர் செருப்புச் சத்தம் என் கதவைத் தாண்டிப் போவதும், வெளியே பூட்டை இழுத்துப் பார்க்கும் சத்தமும் மட்டும் கேட்டன. ஐந்தாம் நாள் காலை தேத்தண்ணி கொண்டு போனேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண்ணை மூடியிருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

எல்லாரிடமும் ஏதாவது கேட்கிற அப்பா என்னிடம் மட்டும் வராததற்கு வேறு என்ன காரணம் இருக்க முடியும்? இனி இவளிடம் ஒன்றும் கேட்பதில்லை என்று முடிவு பண்ணிவிட்டார். எனக்கு அதுதான் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

எட்டாவது மாதம், என் வீட்டுக்காரர் ஒருநாள் காலையில் ரொட்டியைத் தேத்தண்ணியில் முக்கிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். "நேத்து மாமா கனவுல வந்தாரு. கார் சாவி கேட்டாரு."

கல்யாணமாகி இருபத்தேழு வருடத்தில் அந்த மனிதர் கனவு கண்டதாகச் சொன்னதே இல்லை. தலையணையில் தலை படுமுன்பே தூங்கிவிடுகிறவருக்குக் கனவு காண நேரம் ஏது? எள்ளுதான் எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்குக் காயுது என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"அப்பாவுக்கு கார் ஓட்டவே தெரியாதே," என்றேன்.

"அதான் நானும் கேட்டேன். லைசென் எடுத்துட்டாராம்."

இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை. அவர் அதைக் கவனித்த மாதிரியும் தெரியவில்லை.

மூன்றாம் நாள் களத்தில் இறங்கினேன். அப்பாவைக் கனவுக்குள் கொண்டு வந்தே தீருவது என்று. அவருடைய பழைய ஜாகா சட்டையைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தேன். செத்தவர்கள் இருக்கும் திசை தெற்கு என்பதால் கட்டிலைத் திருப்பிப் போட்டேன். என் வீட்டுக்காரர் இருட்டில் சுவரில் முட்டிக்கொண்டார். ராத்திரி தயிர் சாதம் நிறைய சாப்பிட்டால் கனவு வரும் என்று யாரோ சொன்னார்கள், அதையும் செய்தேன். வந்தது வயிற்றுப் பொருமல்தான். அவருடைய டார்ச் லைட்டைக் கையில் பிடித்துக்கொண்டே தூங்கினேன். அது எப்படியோ எரிந்து, விடியும்வரை சீலிங்கைக் காவல் காத்தது.

கனவுகள் வராமல் இல்லை. விதவிதமாக வந்தன. ஆறாம் வகுப்பில் என்னைக் கணக்குக்காக முட்டி போடவைத்த ஆசிரியர் வந்தார். கடையில் நான்காம் நம்பர் சலவை இயந்திரத்துக்குள் ஒரு மலைப்பாம்பு சோப்பு நுரையோடு சுற்றிக்கொண்டிருந்தது. நான் பார்த்தேயிராத ஒருவருக்குத் திருமண வாழ்த்து சொன்னேன். ஊரில் இருக்கிறவன் எல்லாம் என் தூக்கத்துக்குள் வந்து போனான். ஆட்டைக் கயிறு கட்டி இழுத்தால் அது நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு நிற்கும். இந்த மனசும் அதே சாதிதான்.

நான் வேலை பார்க்கும் டோபி கடையைப் பற்றிச் சொல்கிறேன். காசு போட்டால் ஓடுகிற இயந்திரங்கள் வைத்த கடை. தாங்களே துவைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. மூட்டையாகக் கொடுத்துவிட்டுப் போகிறவர்களுக்கு நான் துவைத்து, உலர்த்தி, மடித்து வைப்பேன். மடிப்பதற்கு ஆறடி நீளத்தில் ஒரு மேசை. அப்பா இருந்தபோது பகலில் அவரைக் கூடவே அழைத்து வருவேன். வாசலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். உலர்த்தும் இயந்திரத்தின் சூடும் அந்த முனகலும் சேர்ந்தால் அவர் தலை மெல்லத் தொங்கும். உடனே உதறி நிமிர்ந்துகொள்வார். என்னைப் பார்ப்பார். "தூங்கல," என்பார், நான் கேட்காமலே.

கடையின் முதலாளியம்மா ஒரு சீனப் பெண்மணி. எங்களுக்குள் பேச்சு மலாயில். நான் பல நாளாக முகத்தைத் தூக்கி வைத்திருப்பதைப் பார்த்து ஒருநாள் என்ன விஷயம் என்று கேட்டார். கத்தினதைச் சொல்லவில்லை, அப்பா கனவில் வரவில்லை என்பதை மட்டும் சொன்னேன். அவருக்கு அது பெரிய பிரச்சினையாகத் தெரியவில்லை. அவருடைய அப்பா கனவில் வந்து கைப்பேசி கேட்டாராம். எரித்தால் செத்தவர்களுக்குப் போய்ச் சேரும் என்பது சீனர் வழக்கம், அதனால் காகிதத்தில் செய்த கைப்பேசி வாங்கி எரித்தார். சார்ஜர் எங்கே என்று அந்த அப்பா மறுபடி வந்தார். அதையும் எரித்த பிறகு ஆள் வரவே இல்லை. வருகிறவர்கள் குறை உள்ளவர்கள், வராதவர்கள் திருப்தியாக இருக்கிறார்கள் என்பது அவர் கட்சி.

"என் அப்பா எதிலும் திருப்தி அடைந்ததில்லை," என்றேன்.

அப்படியானால் ஒரு வீடே எரித்துவிடு என்றார். இரண்டு மாடி, கேட் வைத்தது, வாசலில் காவலாளியும் நிற்பான், எல்லாம் ஒரே செட்டாகக் கிடைக்கும் என்று விளக்கினார். அப்பா அந்தக் காகிதக் காவலாளியிடம் போய் ராத்திரி முழுக்க, பூட்டியாச்சா, பூட்டியாச்சா என்று கேட்பதை நினைத்துப் பார்த்தேன். பல நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன். முதலாளியம்மா தன் யோசனை எனக்குப் பிடித்துவிட்டது என்று எண்ணிக்கொண்டு காகித வீடு விற்கும் கடையின் முகவரியைக்கூட எழுதிக் கொடுத்தார்.

திதிக்கு ஒரு வாரம் இருந்தது. என் வீட்டில்தான் செய்வதாக ஏற்பாடு. தங்கை குழுவில் பட்டியல் போட்டாள்: ஆட்டுக்கறி, டுரியான், கேசரி, கார் சாவி. அதற்குக் கீழே, "அக்கா, உங்க கனவுல என்னா கேட்டாரு? நீங்க மட்டும் சொல்லவே இல்லியே," என்று எழுதியிருந்தாள். நான் பார்த்துவிட்டுப் பதில் போடாமல் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன். ஏதாவது ஒன்றைப் பொய்யாகச் சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். அப்பம், அதிரசம் என்று எதையாவது. ஆனால் இந்த விஷயத்தில் பொய் சொல்ல எனக்குத் துணிவில்லை.

அன்று மத்தியானம் வெயில் கொளுத்தியது. கடையில் ஆள் இல்லை. ஒரு ஹோம்ஸ்தே விடுதியிலிருந்து வந்த பத்துப் பன்னிரண்டு போர்வைகள் மூன்றாம் நம்பர் இயந்திரத்தில் உலர்ந்துகொண்டிருந்தன. முதலில் எடுத்ததை மேசையில் மடித்து அடுக்கினேன். இளஞ்சூடாக இருந்தது. அதன்மேல் கையை வைத்தேன். பிறகு கன்னத்தை வைத்தேன். ஒரு நிமிஷம்தான், கண்ணை மட்டும் மூடிக்கொள்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அதே கடை. அதே வெயில். அப்பா மடிக்கும் மேசைமேல் முழு நீளத்துக்கு மல்லாந்து படுத்திருந்தார். வாய் திறந்திருந்தது. குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஒரு கை வயிற்றின்மேல், இன்னொரு கை மேசைக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. நான் அவருக்குப் பக்கத்தில் நின்று போர்வை மடித்துக்கொண்டிருந்தேன். அவர் செத்துப்போனது எனக்குத் தெரியும். அது ஒரு பெரிய விஷயமாகப் படவில்லை. அவரிடம் கேட்க வேண்டியது, மன்னிப்பு, இதெல்லாம் ஞாபகத்துக்கு வரவே இல்லை. இவ்வளவு போர்வைகளை எங்கே அடுக்குவது, மேசையில்தான் அப்பா படுத்திருக்கிறாரே என்கிற ஒரே கவலை.

அப்போதுதான் பார்த்தேன், கடையின் இரும்புக் கதவு மேலேவரை தூக்கியபடி அகலத் திறந்து கிடந்தது. தெருவில் யார் யாரோ போனார்கள். ஐயோ, அப்பா பார்த்தால் என்று இழுத்துவிடப் போனேன். கைப்பிடியைத் தொட்டதும் நினைவு வந்தது. அது துரு ஏறிய கதவு, இழுத்தால் நாலு கடைக்குக் கேட்கும். சத்தத்தில் எழுந்துவிடுவார். அதனால் கையை எடுத்துவிட்டு, காலடி ஓசை கேட்காமல் நடந்து வந்து மறுபடி போர்வை மடித்தேன். குறட்டை ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

"அக்கா. துணி ரெடியா அக்கா?"

ஒரு பாலிடெக்னிக் மாணவி பையோடு நின்றாள். என் கன்னத்தில் போர்வைத் தையல் பதிந்திருந்தது, வாயோரம் ஈரம் வேறு. மூன்றாம் நம்பர் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அதன் உருளையில் எதுவோ தேய்ந்துபோய், சுற்றுக்கு ஒருமுறை கரகரவென்று இழுத்துக்கொண்டிருந்தது. அப்பாவின் குறட்டை அதுதான்.

"தூங்கிட்டீங்களாக்கா?" என்று அவள் சிரித்தாள்.

"தூங்கல. கண்ண மூடியிருந்தேன்," என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று என் காதிலேயே விழுந்தது. அவளிடம் துணியைக் கொடுத்தேன். அவள் போனதும் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். அழுகை முடியுமுன்பே சிரிப்பும் வந்துவிட்டது.

குறட்டை இயந்திரத்தினுடையது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அண்ணனின் டுரியான் அண்ணனுடையது என்று கண்டுபிடித்தவள் நான்தானே. அப்படியென்றால் இதுவும் என் சட்டியில் கிடந்ததுதான். ஒரு வருடமாக அந்தச் சட்டிக்குள் அப்பாவின் கோபம் கிடக்கிறது என்று மூடியைத் திறக்கவே பயந்திருந்தேன். திறந்து பார்த்தால், இந்த மனிதர் ஒருநாளாவது காலை நீட்டிப் படுத்துத் தூங்கமாட்டாரா என்று அந்த ஆறு வருடமும் நான் ஏங்கின ஏக்கம்தான் இருந்தது. அன்று ராத்திரி கத்தினதிலும் அதுதான் இருந்திருக்கும். வார்த்தைதான் கோணலாக வந்துவிட்டது.

திதியன்று எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். அண்ணி ஆட்டுக்கறி வறுவலைத் தைப்பிங்கிலிருந்தே சட்டியோடு தூக்கி வந்திருந்தார். டுரியானை வீட்டுக்குள் விட நான் சம்மதிக்கவில்லை. அப்பாவின் பேரைச் சொல்லி அதை வாசலோரம் வைத்தோம். என் வீட்டுக்காரர் கார் சாவியை இலையின் ஓரத்தில் பயபக்தியோடு வைத்தார். தங்கை தன் கைப்பேசியில் பச்சைப் பெயிண்ட் அடித்த கேட்டின் படத்தைத் திறந்து, அப்பாவின் படத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினாள். அவள் வீட்டுக்காரர் அப்பாவின் கண்ணைப் பார்க்காமல் பின்னால் நின்றார். தூண்டில்கள் காரில் இருந்தன என்று எனக்குத் தெரியும்.

நான் உள்ளே போய்க் கொண்டு வந்ததை இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒரு புதுத் தலையணை, அன்று காலை கடையில் துவைத்து உலர்த்தி மடித்த ஒரு போர்வை. அப்பா தலையணை வைத்துக்கொண்டதே இல்லை.

"இது எதுக்குக்கா?" என்றாள் தங்கை. "அப்பா தலகாணியா கேட்டாரு?"

"ஒண்ணும் கேக்கல. கடையில வந்து தூங்கிட்டு இருந்தாரு."

அண்ணன் கற்பூரத்தைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பினார். "யாரு, அப்பாவா? உக்காந்துகிட்டா?"

"படுத்துண்ணே. மல்லாக்க. வாயத் தொறந்துகிட்டு, கொறட்ட விட்டுகிட்டு."

"கேட்டு?"

"தொறந்துதான் கெடந்துச்சு."

அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்தார். அறுபதைத் தாண்டிய மனிதர். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று அண்ணி பதறிப்போய்க் குனிந்தார். பார்த்தால் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணீரும் வந்துகொண்டிருந்தது. "கொறட்டையா?" என்று மறுபடி கேட்டார். "அப்பா கொறட்டை விட்டாரா?" தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு, எப்படி விட்டார், விட்டுக் காட்டுங்கள் என்றாள். நான் மூன்றாம் நம்பர் இயந்திரம் போலக் கரகரவென்று இழுத்துக் காட்டினேன். அப்பாவின் படத்துக்கு முன்னால், எரிகிற ஊதுபத்திக்குப் பக்கத்தில், நாங்கள் மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அப்போதே நான் கத்தின கதையையும் சொல்லிவிட்டேன். சொல்லக்கூடாது என்று வைத்திருந்தது, சிரிப்போடு சேர்ந்து வெளியே வந்துவிட்டது. தங்கை என் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். "நான் ஒரு தடவ அப்பாவ ரூம்ல வச்சுப் பூட்டவே பூட்டியிருக்கேன் அக்கா. எங்க வீட்டுக்கு வந்து தங்குனப்ப. கேட்டு கேட்டுன்னு உசிர வாங்குனாரு. மறுநாள் காலையில என்னா சொன்னாரு தெரியுமா? பூட்டு நல்ல பூட்டு, எங்க வாங்குனேன்னு கேட்டாரு."

இலையில் இருந்ததை எல்லாரும் பங்கு போட்டுச் சாப்பிட்டோம். அண்ணன் ஆட்டுக்கறியை இரண்டாம் முறை போட்டுக்கொண்டபோது அண்ணி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். மிச்சம் வைக்கக்கூடாதே, சட்டம் சட்டம்தான். சாப்பிட்ட மயக்கத்தில் ஒவ்வொருவராகக் கூடத்தில் சாய்ந்தார்கள். அண்ணன் அந்தப் புதுத் தலையணையை எடுத்துத் தலைக்கு வைத்துக்கொண்டு அப்பாவின் படத்துக்குக் கீழேயே நீட்டிப் படுத்தார். என் வீட்டுக்காரர் பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தின் பாதியில் தூங்கிப்போனார். தங்கை என் மடியில் தலை வைத்தவள், அடுத்த நிமிஷம் குறட்டை விட்டாள். எங்கள் குடும்பத்தில் குறட்டை எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

அவள் தலையை மெதுவாக நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து பார்த்தேன். வெளியே கேட் அகலத் திறந்திருந்தது. பூட்டு கொண்டியில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. வாசலோரம் டுரியான் தோல். வெயிலில் தெரு காலியாகக் கிடந்தது. நான் செருப்பைத் தேடினேன், பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

"பூட்டியாச்சுப்பா," என்று அவர் படத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அண்ணனுக்குப் பக்கத்தில் இடம் பார்த்து நானும் படுத்துக்கொண்டேன்.